ஏழு ஓடை வேண்டாம், ஒன்று போதும்

ஞாயிறு. கிளம்ப இன்னும் ஐந்து நாள்

மேஜை முழுக்க வரைபடம். சுருண்டு சுருண்டு வருகிறது என்று நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் போட்ட திட்டம் இது: பள்ளத்தாக்கு வழியாக உள்ளே நுழைந்து, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி, கணவாயைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்புவது. திட்டம் போட்ட அன்று நல்ல வெயில். வெயிலில் உட்கார்ந்து போட்டால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும். இப்போது பத்து நாளாக அந்த மலையில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கீழே ஆறு கரை தொட்டு ஓடுகிறது. லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. போவதா வேண்டாமா என்று எனக்கும் தம்பிக்கும் காலையிலிருந்து வாக்குவாதம்.

கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டோம். சொந்த அக்கா இல்லை. எங்களுக்கு மலை ஏறச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் அக்கா. போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பென்சில் எடுத்து, பாதை எங்கெல்லாம் தண்ணியை வெட்டுதோ அங்கெல்லாம் வட்டம் போடு. அப்புறம் பேசலாம்" என்றார்.

போட்டேன். ஏழு வட்டம். வரைபடத்தில் நீலக் கோடாகக் காட்டியவை நாலுதான். மீதி மூன்றும் காண்டூர் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மேட்டைப் பார்த்து V போல மடங்குகிற இடங்கள். அங்கே கோடையில் வெறும் கல் கிடக்கும், மழையில் ஓடை கிடக்கும்.

நாலாவது வட்டம்தான் பெரியது. அதற்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கட்டம் கட்டமாக எண்ணினால் சுமார் 18 சதுர கிலோமீட்டர் வருகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். அப்படியானால் 50 மில்லிமீட்டர் மழைக்கு 9 லட்சம் கன மீட்டர், அதாவது 90 கோடி லிட்டர். அத்தனையும் ஓடைக்கு வந்துவிடாது, மண் கொஞ்சம் குடிக்கும் என்று தம்பி சமாதானம் சொன்னான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "பத்து நாள் குடிச்ச மண்ணுடா அது. இன்னும் எவ்வளவு குடிக்கும்?" என்றார். "நாளைக்கு எவ்வளவு பெய்யும்னு எல்லாரும் பார்க்கிறீங்க. நேத்து வரைக்கும் எவ்வளவு பெஞ்சுதுன்னு யாரும் பார்க்கிறதில்லை."

செவ்வாய்

பள்ளத்தாக்கு வழி ரத்து. அதே மலைக்கு முகடு வழியாக ஏற ஒரு பழைய பாதை இருக்கிறது. ஒன்பது மணி நேரம் கூடுதல் நடை, ஏற்றமும் அதிகம். ஆனால் தண்ணீரை ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டுகிறது. மூன்றாம் நாள், இந்த வழி போய்ச் சேரும் மலை ஏரிக்கு ஏறுவதற்கு முன்னால். அதன் நீர்ப்பிடிப்பும் சிறியது, 6 சதுர கிலோமீட்டர்தான். ஏழு வட்டத்தை அழித்துவிட்டு ஒரு வட்டம் போட்டேன். ரப்பர் தேய்த்த இடத்தில் வரைபடம் நைந்துவிட்டது.

சின்ன நீர்ப்பிடிப்பில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. ஓடை சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கவும் செய்யும். மழை விட்டுச் சில மணி நேரம் பொறுத்தால் வழி கொடுத்துவிடும். பெரிய ஆறு அப்படியில்லை, மேலே மழை நின்ற பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். நம் ஆற்றின் நீர்மட்ட வரைபடத்தை இணையத்தில் பார்த்தேன். ஏறும்போது சுவர் மாதிரி செங்குத்தாக ஏறியிருக்கிறது, இறங்கும்போது நாலு நாள் சரிந்து சரிந்து வருகிறது. ஆற்றோரம் முகாம் போடும் யோசனையை அதைப் பார்த்தே விட்டேன்.

அக்காவும் எங்களோடு வருகிறார். ஒரு உபரி நாள் சேர்த்தோம், அதற்கான சாப்பாடும். வீட்டில் ஒரு தாள் எழுதி வைத்தேன்: எந்தப் பாதை, எங்கே எந்த இரவு, எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். 'சாயங்காலம்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 'இரவு 8 மணி' என்று எழுதச் சொன்னது அம்மா. சாயங்காலம் என்றால் நாலு மணியிலிருந்தே பதறுவாராம்.

வெள்ளி. முதல் நாள்

நடந்த தூரம் சொற்பம், உட்கார்ந்த நேரம் அதிகம். மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒரு அடி இருக்கும். எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி துணிந்து போய்விட்டது, ஓட்டுநர் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒரு அடி ஓடும் தண்ணீர் சின்னக் காரைத் தூக்கிவிடப் போதும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகள் அதோடு போய்விடும். அதைவிட முக்கியம், அந்தத் தண்ணீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் வடிந்தபோது ஓரத்தில் தார் பெயர்ந்து ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குழி. ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

இரவு அடிவாரத்தில். புதிதாக வாங்கிய மழையுறை முதல் நாளே ஒழுகுகிறது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பைக்குள் கனமான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு அதற்குள் துணியெல்லாம் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

சனி. இரண்டாம் நாள்

முகடு. காலை 5.45க்குக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கில் தண்ணீர் இரைகிறது, குடிக்க மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெள்ளக் காலத்தில் தாகம் எடுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆளுக்கு 3 லிட்டர் சுமந்தோம். பதினோரு மணிக்கு ஒரு பாறைச் சந்தில் ஊற்று மாதிரி ஒன்று கிடைத்தது, கலங்கல். தம்பி அவசரப்பட்டு நேராக வடிகட்டியில் ஊற்றி அழுத்தினான். முக்கால் லிட்டருக்குள் அடைத்துக்கொண்டது. கலங்கல் தண்ணீரை முதலில் பாத்திரத்தில் தெளியவிட வேண்டும். பிறகு மேலாக எடுத்துத் துணியில் வடித்து, அதற்கப்புறம்தான் வடிகட்டி. அதுவும் இல்லையென்றால் கொதிக்க வைப்பதுதான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

பகல் ஒரு மணிக்கு இடி. ஓடைக்குப் பயந்து முகட்டுக்கு வந்தோம், முகட்டில் மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் தம்பி எண்ண ஆரம்பித்தான். முப்பதுக்குள் வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று கணக்கு. இருபத்திரண்டில் வந்தது. பேசாமல் இறங்கினோம். அன்றைக்குப் போக நினைத்த இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, முகட்டுக்குக் கீழே ஒரு சரிவின் தோளில் கூடாரம் போட்டோம்.

முதலில் நான் பார்த்து வைத்தது வேறு இடம். சமதளம், மெத்தை மாதிரி மணல், காற்று மறைப்பு. அக்கா பக்கத்து மரத்தைக் காட்டினார். தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் கிளைகளுக்கு நடுவே காய்ந்த புல்லும் குச்சியும் சிக்கிக்கொண்டிருந்தது. ஏதோ பறவைக் கூடு என்று நினைத்தேன். "தண்ணி கட்டின கூடு" என்றார். அந்த மணலும் தண்ணீர் கொண்டுவந்து பரப்பியதுதான்.

இரவு கூடாரத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1976 ஜூலை 31 மாலை, சில மணி நேரத்தில் சுமார் 300 மில்லிமீட்டர் மழை. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். காரில் ஏறிச் சாலை வழியே வெள்ளத்தை முந்திவிடலாம் என்று போனவர்கள் பலர் அதில் உண்டு. அதற்குப் பிறகு அங்கே பள்ளத்தாக்குச் சாலைகளில் 'வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்' என்ற பொருளில் பலகை வைத்தார்கள். தம்பி எழுந்து போய் டார்ச் அடித்து, எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் மேலே ஏற வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தான்.

ஞாயிறு. மூன்றாம் நாள்

மதியம் 2.10க்கு ஓடை.

நான் மனதில் வைத்திருந்தது வரைபடத்து நீலக் கோடு. வந்து பார்த்தால் பாலில்லாத டீயின் நிறத்தில் ஏழெட்டு மீட்டர் அகலத்துக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதுக்கு வந்துவிட்டது. தண்ணீர் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், மரத்தரையில் யாரோ மேஜையை நகர்த்துகிற மாதிரி கடகடவென்று. அடியில் கல் உருள்கிறது. கல்லை உருட்டும் தண்ணீரில் கால் நிற்காது என்று அக்கா சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தம்பிக்குத் தோன்றியது வேறு. "முட்டி அளவுதான்க்கா இருக்கும். கைகோத்துப் போனா அஞ்சு நிமிஷம்."

அக்கா பதில் பேசாமல் கரையில் பத்து மீட்டர் தூரத்தைக் காலடியால் அளந்து இரண்டு பக்கமும் ஒரு கல் வைத்தார். மேலே இருந்து ஒரு மரத்துண்டை எறிந்தார். நான் கடிகாரத்தில் பார்த்தேன். மூன்று தடவையும் நாலு விநாடிக்குள் கடந்தது, நொடிக்கு இரண்டரை மீட்டர். நாம் சாதாரணமாக நடப்பதைப் போல இரண்டு மடங்கு வேகம். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் காலைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஆழத்தை மட்டும் பார்த்து 'முட்டி அளவு' என்று சொல்வதில் அந்த நாலு மடங்கு வருவதேயில்லை. அரை அடி ஆழத்திலேயே ஆளைத் தடுமாற வைக்கும் இழுப்பு உண்டு.

அப்புறம் அவனைக் கீழ்ப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். விழுந்தால் எங்கே போய்ச் சேர்வோம் என்று பார்க்கவேண்டுமல்லவா? முப்பது மீட்டரில் ஒரு மரம் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதன் கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போகிறது, சல்லடையில் போவதைப் போல. தண்ணீர் போகும், ஆள் போக முடியாது.

ஓரத்தில் தனியாகப் பிரிந்து ஓடிய ஒரு சின்னக் கிளையில், கெண்டைக்கால் ஆழத்தில், அவனை நிற்கச் சொன்னார். பூட்ஸைக் கழற்ற வேண்டாம், முகம் நீரோட்டத்தைப் பார்த்து, கம்பை முன்னால் ஊன்றி, பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் அவிழ்த்துவிட்டு. ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும், அதுவும் பக்கவாட்டில். விழுந்தால் பையை விட்டுவிட வேண்டும், அது நம்மை விடாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யவே கூடாது. கயிறு இறுகினால் ஓட்டம் ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

தம்பி நாலு எட்டு வைத்தான். திரும்பி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டினான். முட்டி அளவு என்ற பேச்சு அதோடு நின்றது.

தண்ணீர் விளிம்பில் அக்கா ஒரு குச்சியை ஊன்றி, நீர்மட்டம் இருந்த இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினார். 2.40. மூன்றரை மணிக்கு மழை. 4.15க்குக் கோட்டுக்கு மேல் நாலு விரல். 5 மணிக்கு ஒரு சாண். 5.40க்குக் குச்சியைக் காணோம். எங்கள் தலைக்கு மேல் பெய்தது தூறல்தான். பெரிய மழை எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு வளைவுக்குப் பின்னால் பெய்திருக்க வேண்டும். நிறம் டீயிலிருந்து காப்பிக்கு மாறியது, இலையும் சுள்ளியும் நுரையுமாக வந்தது. நாங்கள் முன்பே இருபது மீட்டர் மேலே ஏறிக் கூடாரம் போட்டிருந்தோம்.

ஏறுகிற தண்ணீருக்குப் பயப்படத் தெரியும், திடீரென்று குறைகிற தண்ணீருக்கும் பயப்பட வேண்டும் என்றார் அக்கா சமைத்துக்கொண்டே. மழை நிற்காமலேயே ஓடை சட்டென்று வற்றினால் மேலே எங்கோ மண் சரிந்து அணை கட்டியிருக்கலாம். அது உடையும். 1893 செப்டம்பரில் இமயமலையில் பிரகி கங்கையை ஒரு மலைச்சரிவு அப்படி அடைத்தது. பெரிய ஏரி உருவானது, கோனா ஏரி. அது எப்போது வழியும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். தந்திக் கம்பி இழுத்து, கீழே இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் எதிர்பார்த்தபடியே 1894 ஆகஸ்ட் 25 இரவு உடைத்துக்கொண்டு வந்தது. பாலங்களும் ஊர்களும் போயின, ஆனால் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். வெளியேற்றிய பிறகும் திரும்பிப் போன ஒரு குடும்பம் அது.

"கணக்கு தப்பில்லை, திரும்பிப் போனதுதான் தப்பு" என்றான் தம்பி. அன்றைக்கு அவன் சொன்னதில் அக்கா தலையாட்டிய ஒரே விஷயம்.

திங்கள். நாலாம் நாள்

காலை 5.20. டார்ச்சோடு இறங்கிப் பார்த்தேன். குச்சி நின்ற இடம் வெறும் ஈரக்கல். தண்ணீர் நேற்றைய கோட்டுக்கும் இரண்டு சாண் கீழே போயிருக்கிறது. உருளும் சத்தம் இல்லை, அடிக்கல் மங்கலாகத் தெரிகிறது. கொஞ்சம் மேலே நடந்தால் ஓடை அகலமாகி மூன்று கிளையாகப் பிரிகிறது, எதுவும் கணுக்காலுக்கு மேல் இல்லை. கடக்கக் குறுகலான இடத்தைத் தேடுவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. ஆனால் குறுகினால் ஆழமும் வேகமும் கூடும். அகலமான இடம்தான் நல்ல இடம்.

தம்பி பையைக் கட்டிவிட்டான். நானும்தான். ஏரி மூன்று மணி நேர ஏற்றம், அதுவும் வெளிச்சத்தில்.

அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் வழியாக வானிலைச் செய்தி வந்திருந்தது: பகல் 12க்குப் பிறகு இடியோடு மழை.

"போறதுக்கு சரி. வர்றதுக்கு?"

கணக்குப் போட்டோம். 6 மணிக்குக் கடந்தால் 9க்கு ஏரி. அரை மணி நேரம் அங்கே. இறங்க இரண்டு மணி நேரம், 11.30க்கு ஓடைக்கரை. எல்லாம் சரியாக நடந்தால் அரை மணி நேரம் கையிருப்பு. யாருக்காவது கால் பிசகினால், மேகம் ஒரு மணி நேரம் முன்னால் வந்தால், நாம் அந்தப் பக்கம், கூடாரம் இந்தப் பக்கம். நேற்று 2.40க்கு இருந்த ஓடை 5.40க்கு என்னவானது என்று குச்சி சொல்லியிருக்கிறது. கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கமே தங்கலாமா என்றேன். தங்கலாம். நாளைக் காலையும் இப்படித்தான் இறங்கியிருக்கும் என்று யார் சொன்னது? எங்களிடம் உபரி ஒரு நாள்தான், அதில் முக்கால் பாகத்தை நேற்றே குச்சியைப் பார்த்துச் செலவழித்துவிட்டோம்.

பனி உருகி வரும் ஆறுகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஆனால் இன்னும் ஒழுங்காக இருக்கும் என்றார் அக்கா. வெயிலில் உருகியது சாயங்காலம் வந்து சேரும், விடியற்காலையில் குறைச்சல். அங்கே கடிகாரத்தை நம்பலாம். மழை ஓடைக்குக் கடிகாரம் கிடையாது.

தம்பி கரையில் கால் மணி நேரம் நின்றான். கணுக்கால் ஆழத் தண்ணீர், கல்லெல்லாம் தெரிகிறது. ஒரு பெரிய கல்லைத் தூக்கி ஓடைக்குள் போட்டான். சரி, திரும்பலாம் என்று பையை மாட்டிக்கொண்டு, வந்த வழியே முகட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். மதியம் வரை யாரோடும் பேசவில்லை.

மதியம் மழை வரவில்லை. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 12 ஆயிற்று, 2 ஆயிற்று, முகட்டில் நின்று பார்த்தால் ஏரி இருக்கும் பக்கம் பளிச்சென்று வெயில். ஒரு மேகம்கூட இல்லை. தம்பி அந்தப் பக்கம் கையை நீட்டினான். அக்காவும் பார்த்தார். "ஆமா, போயிட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவனிடம் கொடுத்தார். அவன் வாங்கிக் குடித்தான். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

செவ்வாய். ஐந்தாம் நாள்

இறக்கம். ஈர வேர்களில் மூன்று தடவை வழுக்கினேன், ஒன்றில் கம்பு வளைந்துவிட்டது. சாலைக்கு வந்ததும் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன், மாலை 4.05. இரவு 8 என்று எழுதியதில் எல்லோருக்கும் நிம்மதி.

திரும்பும் வண்டியில் தம்பி என் வரைபடத்தை வாங்கினான். ரப்பர் தேய்த்து நைந்த இடம் பையின் ஈரத்தில் கிழிந்தே போயிருந்தது. மடியில் விரித்து, ஏரிக்கு வடக்கிலிருந்து வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பென்சிலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தான். இரண்டு வட்டம் போட்டான். ஒன்றை அழித்தான்.

இரவு 11. பூட்ஸுக்குள் மூன்றாவது முறையாகப் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருக்கிறேன். இன்னும் ஈரமாகத்தான் வருகிறது.